விசிலை நம்பாத தெரு

டிவி திரையில் நாள்தோறும் தரிசனம் தரும் பெரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாக இருப்பதைச் செய்தி நேரத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. திரையைத் துடைத்துப் பார்த்தோம், இளைத்துத்தான் இருக்கிறீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

தெருவின் பள்ளத்தில் கடைசி வீடு நம்முடையது என்பது, முதல் தடவை வந்தபோதே உங்கள் செருப்பு மிதந்து போனதால் உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் முதலில் நனைவது நம் வாசற்படிதான். இரண்டாம் படிக்குத் தண்ணீர் ஏறியதும், கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒப்படைக்காமல் வைத்துக்கொண்ட விசிலை எடுத்து ஊதுவேன். ஒரே ஊதல்தான். தெருவே எழுந்து வண்டிகளை மேட்டுக்குத் தள்ளி, ஃப்ரிட்ஜை மேஜைமேல் ஏற்றி, மாடிக்குப் போய்விடும். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அதில் தலைகொள்ளாத பெருமை.

போன மழைக்கு நீங்களும், எதிர்க்கட்சி சேனலில் இருக்கும் சின்ன மாப்பிள்ளையும் ஒரே நாளில் கேமராவோடு வந்தீர்கள். நின்றது ஒரே மொட்டைமாடி. நீங்கள் கேமராவை மேட்டுப் பக்கம் திருப்பினீர்கள், அவர் பள்ளத்துப் பக்கம் திருப்பினார். உங்கள் படத்தில் ஒரு பூனை கால் நனையாமல் நடந்து போயிற்று. அவர் படத்தில் அதே பூனை தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று அழுதது. நான் இருவரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்: "காலைல தண்ணி முட்டி வரைக்கும் வந்துச்சு, மத்தியானம் வடிஞ்சிடுச்சு." அன்று சாயங்காலம் உங்கள் சேனலில் "வடிஞ்சிடுச்சு" என்கிறேன், கீழே "மின்னல் வேக நடவடிக்கை: நெகிழும் முதியவர்" என்று ஓடுகிறது. அவர் சேனலில் "முட்டி வரைக்கும் வந்துச்சு" என்கிறேன், கீழே "கைவிட்டது அரசு: கதறும் முதியவர்." அதே சட்டை, அதே அறுந்த பொத்தான்! மாற்றி மாற்றிப் பார்த்து வாயைப் பிளந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் மாப்பிள்ளை, உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவன். ஒரு டிக்கெட்டுக்கு ஓர் ஆளைத்தான் ஏற்ற முடிந்தது. நீங்கள் இருவரும் ஒரு வாக்கியத்தைக் கிழித்து ஆளுக்குப் பாதி ஊரை ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்களே! என்ன திறமை, என்ன திறமை!

மறுநாள் எதிர்வீட்டுத் தையல்காரர், "ஆளுங்கட்சிக்கு ஜால்ரா தட்ட ஆரம்பிச்சிட்டீங்களே அண்ணே" என்றார். பக்கத்து வீட்டு நர்ஸ், "நல்லா இருக்கற ஊரை இப்படியா நாறடிப்பீங்க?" என்றாள். ஒரே நாளில், ஒரே வாய்க்கு, இரண்டு வசவு. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் முந்தாநாள் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் படி நனைந்தது, ஊதினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன். தையல்காரர் ஜன்னலைத் திறந்து, "இது எந்தக் கட்சி விசிலுண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டார். நர்ஸோ, "இருங்க, நியூஸ்ல போடறாங்களான்னு பாக்கறேன்" என்றாள். போடவில்லை. தண்ணீர் செய்திக்குக் காத்திருக்குமா? தையல்காரர் தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் ஒவ்வொன்றாகத் தெருவில் நீந்திப் போவதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை. அதே விசில்தான், அதே மூச்சுதான்.

அதனால் கேட்பது ஒன்றுதான். அந்த வாக்கியத்தை ஒரே ஒரு தடவை முழுசாகப் போடுங்கள். விளம்பரத்துக்கு நடுவில் போட்டாலும் சரி. தெரு என்னை நம்பாவிட்டால் அடுத்த மழையில் நஷ்டம் துணியோடு நிற்காது.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. மழை விட்டுவிட்டது. ஊரே நம்பாவிட்டாலும் உங்கள் அத்தை என் சொல்லை நம்புகிறாள், எனக்கு அது போதும். மகளுக்கு என் ஆசி. உங்கள் முகம் மேலும் மேலும் பெரிய திரைகளில் தெரிய வாழ்த்தும்,

மாமனார்.

பி.கு.: இதைப் போனில் படமெடுத்து அனுப்பலாம் என்று எழுந்தால் காலில் சில்லென்றது. மழை மறுபடி கொட்டுகிறது, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. காதருகில் போய் விசில் ஊதியும் உங்கள் அத்தை கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். "ரெண்டு மாப்பிள்ளைங்களும் ஒண்ணும் சொல்லல, நீங்க ஏன் குதிக்கறீங்க?" என்று டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்ன மாப்பிள்ளை என் போனை எடுக்கவில்லை. ஆனால் உங்கள் சேனலிலிருந்து அவர் கண்ணை எடுப்பதே இல்லை. எனவே தயவுசெய்து உடனே, நம் தெருவில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்று செய்தி போடுங்கள். அடுத்த நிமிஷமே அவர் தெருவே மூழ்கிவிட்டது என்று போடுவார். அதைப் பார்த்ததும் உங்கள் அத்தை மாடி ஏறிவிடுவாள்.