டிஸ்ப்ளே வராத சர்வரும் ஒரு சந்தனப் பொட்டும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் எனக்குத் தெரியும் என்று நான் நம்பிய காலம் மொத்தம் ஐந்தே முக்கால் மாதம். அதற்கப்புறம் செல்வி அக்காவைச் சந்தித்துவிட்டேன்.

இரண்டாயிரத்து நாலோ, ஐந்தோ. தாம்பரத்தில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் தற்காலிக இன்ஜினியர் நான். ஆறு மாதம் சொதப்பாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம். வீட்டில் மட்டும் நிரந்தரமாகிவிட்டதாக ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தேன். (அம்மா உடனே குன்றத்தூருக்குக் கூட்டிப்போய் வேண்டுதல் மொட்டையும் போட்டுவிட்டாள். வேண்டியது அவள், மொட்டை எனக்கு.)

மேனேஜர் கூப்பிட்டார். "மேடவாக்கம் பக்கம் ஒரு காலேஜ்ல சர்வருக்கு டிஸ்ப்ளே வரலையாம். நாளைக்கு எக்ஸாம், ஹால் டிக்கெட் பிரின்ட் போயிட்டிருக்கு. முடிச்சிட்டு வா, உன் பர்மனென்ட் லெட்டர்ல கையெழுத்துப் போடறேன்."

பிரின்ட் போய்க்கொண்டிருக்கிறது என்றால் சர்வர் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். இது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.

சர்வர் அறையில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று சர்வர். இன்னொன்று எப்போதோ ஓய்வு பெற்று, அணைந்தே கிடக்கும் பழைய சர்வர். தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே மானிட்டர். நடுவில் சோப்பு டப்பா அளவில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதிலுள்ள பட்டனை அழுத்தினால் மானிட்டர் இதைக் காட்டும், அல்லது அதைக் காட்டும். ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றின்மீதும் சந்தனம், குங்குமம், வாடிய சாமந்தி. சுவிட்ச் பெட்டிக்கும் எலுமிச்சம்பழ அகலத்துக்கு ஒரு பொட்டு. சாமி சமாச்சாரம், நமக்கேன் வம்பு என்று அதை மட்டும் நான் தொடவில்லை.

அறையைப் பெருக்கும் செல்வி அக்கா வாசலில் நின்றார். "சார், ஒரு விசயம் சொல்லணும்..."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. டெக்னிக்கல் மேட்டர்."

சர்வரில் விசிறி ஓடியது, விளக்கு மினுக்கியது. திரை மட்டும் இருட்டு. செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். அப்போதுதான் அது உண்மையில் செத்தது.

இரண்டாவது நிமிடம் ஆபீஸ் கிளார்க் ஓடிவந்தார். "சார், ஹால் டிக்கெட் பாதியில நின்னுபோச்சு."

"பயப்படாதீங்க சார், நல்லவேளை நான் இருக்கேன்" என்றேன்.

பிறகு அன்று முழுக்க நான் பார்த்தது வைத்தியம். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டி, மறுபடி ஆன் செய்தேன். (எங்கள் தொழிலில் பாதி வியாதிக்கு அதுதான் மருந்து.) கேபிளை மாற்றினேன். இரண்டு மாடி ஏறி லேபிலிருந்து இன்னொரு மானிட்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து, அதே சுவிட்ச் பெட்டியில் சொருகினேன். அக்கா இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் தள்ளி நிற்கச் சொன்னேன்.

நாலு மணிக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போனது போனதுதான். மயிரும் போயிற்றே என்றிருந்தது.

"சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "பூஜ அன்னிக்கு அந்தக் குட்டிப் பொட்டிக்குப் பொட்டு வெச்சேன் சார். டக்குனு ஒரு சத்தம். டிவி இருண்டு பூட்ச்சு. நான்தான் கெடுத்துட்டேன்னு பயந்துகினு கீறேன். டெம்ப்ரவரி சார் நானு. தெரிஞ்சா நாளைக்கே அனுப்பிச்சுடுவாங்க."

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் பட்டன் இருந்தது. அழுத்தினேன். டக்.

திரை பளிச்சென்று வந்தது. பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போனதும், சர்வர் ஏன் திடீரென்று அணைந்தது என்று ஒரு கட்டம் காரணம் கேட்டது. எழுதாமல் மேலே விடாதாம். கிளார்க் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "என்ன சார் ஆச்சு? யார் கை வெச்சது?" என்றார். அக்கா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவரும் டெம்ப்ரவரி, நானும் டெம்ப்ரவரி. எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டத்தில், 'இன்ஜினியர் தவறு' என்று அடித்தேன்.

இருட்டுவதற்குள் ஹால் டிக்கெட் எல்லாம் அடித்தாகிவிட்டது. அக்காவின் வேலை தப்பியது. என் தற்காலிகம் இன்னும் மூன்று மாதம் நீண்டது.

மேனேஜருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "அந்தக் கட்டத்துல யாருய்யா உண்மைய எழுதுவான்? ஊர்ல எல்லாரும் 'கரன்ட் கட்'னுதானே போடறாங்க" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா இன்னொரு மொட்டைக்கு வேண்டிக்கொண்டாள்.

இப்போதும் ஆயுத பூஜையன்று என் மனைவி ஃபிரிட்ஜ், மிக்ஸி, வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வருவாள். நெற்றியில் சந்தனத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவாள். பக்கத்தில் நிற்கும் மகள் வாயாலேயே "டக்" என்பாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"ம்ஹூம். டிஸ்ப்ளே வரலம்மா."