பின்கயிறு

புனித பெல்லினாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். தேர் நகர மாட்டேன் என்கிறது. ஊரே நடுத்தெருவில் முட்டிபோட்டு அழுதது. சிசிலிக்காரர்கள் அழ ஆரம்பித்தால் சும்மா விடுவார்களா? பால்கனியில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வருடாவருடம் இதே கூத்துதான். முன்கயிற்றை ஊர் இளைஞர்கள் வியர்க்க விறுவிறுக்க இழுப்பார்கள். பின்கயிற்றை, திருவிழாவை நடத்தும் பெரியவர் தோன் காஸ்பாரேயின் அண்ணன் மகன்கள் வெள்ளை அங்கி போட்டுப் பிடித்திருப்பார்கள். இறக்கத்தில் தேர் ஓடிவிடாமலிருக்கக் கட்டிய கயிறு அது. சமதரையில் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பாவமாயிற்றே! தேர்மேல் நிற்கும் காஸ்பாரே புனிதையின் வாயருகே காதை வைப்பார். யாருடைய நகை வேண்டுமென்று அறிவிப்பார். நகை கைக்கு வந்ததும் மணியை ஆட்டுவார். தேர் உடனே நகரும். எவ்வளவு விவரமான தேர் பாருங்கள்.

இந்த வருடம் காதை எடுத்தவர், "நுன்சியா, உன் பொண்ணுக்கு வச்சிருக்கியே பவளத் தோடு, அது வேணுமாம்," என்றார்.

நுன்சியாவின் முகம் வெளுத்தது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். வீட்டில் இருந்த ஒரே நகை அதுதான். ஆனாலும் கை பைக்குள் போய்விட்டது.

அவள் அக்கா குரோச்சிஃபிஸ்ஸா அந்தக் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுடி."

"சும்மா இரு அக்கா. கல்யாணத்துல ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

தெருவோரம் இருந்த தன் கடையிலிருந்து ஒரு தட்டு அரன்சீனியை எடுத்துக்கொண்டு தேருக்குப் பின்னால் போனாள். பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த சோற்றுருண்டைகள், ஆவி பறந்தது.

"காலையிலேர்ந்து பட்டினியா நிக்கிறீங்களே தம்பிகளா. எடுத்துக்கங்க."

"இன்னும் மணி அடிக்கலையே அத்தை," என்றான் ஒருவன்.

"மணி அடிக்கிறதுக்குள்ள ஆறிப்போயிடும்டா."

கயிறு தரையில் விழுந்தது. முன்னால் இழுத்த பலம் அப்படியேதான் இருந்தது, எதிர்த்து இழுக்க ஆளில்லை. தேர் ஒரு குதி குதித்து, வேகம் ஏறி ஏறி ஓடியது. முன்னால் இழுத்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுச் சிதறிய பிறகுதான் மெல்ல நின்றது. காஸ்பாரே தேரோடு போகவில்லை. மல்லாக்கத் தெருவில் கிடந்தார்.

"தோடு இன்னும் பையிலதான் இருக்கு. தேர் எப்படிப் போச்சு?" என்றாள் குரோச்சிஃபிஸ்ஸா.

காஸ்பாரே தூசி தட்டி எழுந்தார். "புனிதை மனசு இரங்கிட்டா."

"அப்படியா? இந்தாங்க என் மோதிரம், புனிதைக்கே போடுங்க. தம்பிகளா, பின்கயிற்றை இறுக்கிப் பிடிங்க. முன்னாடி இழுங்கப்பா."

புனிதையின் விரலில் மோதிரம் ஏறியது. தேர் அசையவில்லை.

"மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க. இப்ப பின்கயிற்றை விடுங்க."

தேர் கிளம்பியது. பால்கனியில் ஒருவர் சிரித்தார், அப்புறம் தெருவே சிரித்தது. போன வருடம் சங்கிலி கொடுத்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் காஸ்பாரேயைச் சுற்றி நின்றார்கள்.

நுன்சியா பையை மூடினாள். குரோச்சிஃபிஸ்ஸா காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "முன்னாடி முட்டிபோட்டு அழறது இருக்கட்டும். பின்னாடி எவன் இழுக்கறான்னு ஒருதரம் எந்திரிச்சுப் போய்ப் பாருங்க."