மஞ்சப்பை டாக்டரும் முடிச்சுப் போட்ட பையும்

சித்தூர் ஜில்லாவில் டாக்டர் என்று பலகை மாட்டிய எல்லோரும் நோயாளியை நாக்கை நீட்டச் சொல்வார்கள். பையை நீட்டச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் நகரி மஞ்சப்பை டாக்டர்தான். நாக்கு பொய் சொல்லும், நாடி பொய் சொல்லும், துணைக்கு வந்த மச்சான் கட்டாயம் பொய் சொல்வான், பை மட்டும் பொய் சொல்லாது என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம். காய்ச்சல் என்று போனாலும் சரி, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் சரி, "பைய கொட்டு" என்பார். பத்திரிகை வைக்கப் போனவர்கள் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் அவர் மேசையில் கொட்டுவார்கள். கடைசியில் பையின் அடியிலிருந்து ஒரு வலி மாத்திரைப் பட்டை விழும். அதற்கு அரை மணி நேரம் விசாரணை நடக்கும்.

ஊரார் பையையெல்லாம் கொட்டவைத்த அந்த மனிதரின் தோளிலும் எந்நேரமும் ஒரு மஞ்சப்பை தொங்கும். வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பார். யார் முன்னாலும் அதை அவிழ்த்ததில்லை. அந்த முடிச்சை நாங்கள் அவிழ்க்கவைத்த கதைதான் இது. அன்றைக்கு அவிழ்க்காமல் விட்டிருந்தால் அந்த மனிதரே எங்களுக்கு மிஞ்சியிருக்க மாட்டார், நானும் இதைக் கேலியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகரியில் ஒரே தெருவில் மூன்று கிளினிக். தெருக்கோடியில் அவர். நடுவில் ஒரு லேடி டாக்டர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு, பலகையில்கூட எழுதியிருக்கிறது. ஆனால் ஊரில் அவர் அதட்டலம்மா. இருமிக்கொண்டு உள்ளே போனவர்கள் அவர் போடும் சத்தத்தில் இருமலை மறந்துவிடுவார்கள். தெருவின் இந்தக் கோடியில் நான். எனக்கு நிதானம் டாக்டர் என்று பெயர். நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் காய்ச்சல் தானாக இறங்கிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் புகழ்ச்சி என்றுதான் இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் மூவரும் பேசிக்கொண்டதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான். எதிரெதிரே வந்தால் ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டு நடப்போம். ஆனால் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பேருமே குடும்ப டாக்டர்கள் என்பது எங்கள் மூவருக்குமே தெரியாது.

அது தெரியவந்தது கோவிந்தனால். கோவிந்தன் பவர்லூம் தறி ஓட்டுகிறவர். ஒரு நாள் தறிமேலேயே சாயப்போய், பக்கத்துத் தறிக்காரர் இழுத்துப் பிடித்து மஞ்சப்பை டாக்டரிடம் கொண்டுவந்தார். "தறி பாட்டுக்கு ஓடிக்கினே இருந்தது சார். நான்தான் நின்னுட்டேன்" என்றாராம் கோவிந்தன். பிரஷர் பார்த்தால் பாதாளத்தில் இருக்கிறது.

"பைய கொட்டு."

கொட்டினார். வழக்கமாக மற்ற டாக்டர்களின் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர், அன்றைக்குத் தறியிலிருந்து நேராக வந்ததால் மூன்று மாத்திரைப் பட்டைகள் விழுந்தன.

"யோவ், இது மூணும் ஒரே பிரஷர் மாத்திரைய்யா. கம்பெனிதான் வேற. மூணையுமா துன்ற?"

"எப்டி சார் ஒண்ணாவும்? இது ரோஸு. இது வெங்காயக் கலரு. இது ராணி கலரு. நைனா காலத்துலேர்ந்து சாயம் பாக்கற குடும்பம் சார் நம்மது. மூணும் ஒண்ணுன்னு எப்டி சொல்றீங்க?"

வேறு ஊர்க்காரனாக இருந்தால் மூன்றையும் பார்த்து, எல்லாம் சிவப்பு மாத்திரை என்று சந்தேகப்பட்டிருப்பான். நகரிக்காரன் கண்ணுக்கு அது மூன்று சாயம். மூன்று சாயம் என்றால் மூன்று மருந்து.

"சரி, எதுக்குய்யா மூணு டாக்டர்கிட்ட போன?"

"அதட்டலம்மா எம் பொண்ணு பொறந்தப்போ பாத்தவங்க. நிதானம் சார்கிட்ட உக்காந்து பேசினா மனசுக்கு நல்லா கீது. நீங்க வூட்டாண்ட கீறீங்க. யாரை சார் வுடறது?"

"மாத்திரையாவது ஒருத்தர்து துன்னா போதாதா?"

"மூணு பேரும் ஆசையா எழுதிக் குடுத்தீங்க. ஒருத்தர்து துன்னாம வுட்டா அவங்க மனசு கஷ்டப்படும் இல்ல?"

மரியாதையால் சாகப்போன ஆளை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலில் பார்த்தாராம். கோவிந்தனைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேராக என் கிளினிக்குக்குள் நுழைந்தார். நான் ஒரு பெரியவரிடம் பசி எடுக்கிறதா என்ற கேள்வியில் பாதி வந்திருந்தேன். மஞ்சப்பை டாக்டர் கோவிந்தனின் பையை என் மேசையில் கொட்டினார்.

"இதுல உங்க கலர் எது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் ரோஸைத் தொட்டுக் காட்டினேன். அப்படியே என் கையைப் பிடித்து நடுக்கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசலில் கால் வைத்ததுமே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"க்யூல வாங்க!"

"நாங்க பேஷண்ட் இல்லம்மா, டாக்டருங்க" என்றேன்.

"இங்க வர்ற எல்லாரும் டாக்டருங்கதான்! அவங்கவங்களே மாத்திரை வாங்கித் துன்னுட்டுதான் வராங்க! க்யூல வாங்க!"

வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் பை மறுபடியும் கொட்டப்பட்டது. வெங்காயக் கலர் அம்மாவுடையது. அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம் சத்தமே போடவில்லை. வாசலில் நின்ற நோயாளிகள் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள்.

மூவரும் சேர்ந்து வாரம் ஒரு நாள் ஊரார் பையைப் பார்ப்பது என்று அன்றே முடிவானது. இடம் வேண்டுமே! கல்யாண மண்டபத்துக்காரர் செவ்வாய்க்கிழமை சும்மாவே தருகிறேன் என்றார். செவ்வாயில் எவன் கல்யாணம் வைப்பான்? ஆனால் ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். செவ்வாய்க்கிழமை புதிதாக மருந்து ஆரம்பித்தால் நோய் நீளும் என்றார்கள்.

"ஆரம்பிக்கத்தானே கூடாது? நிறுத்தலாமே! நாங்க நிறுத்தறதுக்குத்தான் கூப்பிடறோம்" என்றார் மஞ்சப்பை டாக்டர். அடுத்த செவ்வாய் கூட்டம் தாங்கவில்லை.

மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் நாங்கள். பின்னால் தெர்மகோலில் யாரோ ஒரு ஜோடியின் பெயர் பாதி பிய்ந்து தொங்கியது. கீழே இருந்து வரிசையாக வந்து பை கொட்டினார்கள். என்னென்ன விழுந்தது என்கிறீர்கள்! தறி நாடா விழுந்தது. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போட்டபோது மிஞ்சிய எண்ணெய் சீசா விழுந்தது. நாய்க்கு வாங்கிய பூச்சி மாத்திரையை ஒரு அம்மாள் தலைவலிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பக்கத்து வூட்டுக்காரம்மா நல்லா கேக்குதுன்னு சொன்னாங்க" என்றார். நாய்க்குக் கேட்டதைத்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள்.

சர்க்கரைக்காரர்களின் பையிலெல்லாம் தவறாமல் திருப்பதி லட்டு விழுந்தது. "பிரசாதம் சார், வேணான்னு சொல்லக் கூடாது" என்பார்கள். மஞ்சப்பை டாக்டர் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிடுவார்.

தேதி மாற்றிப் புரிந்துகொண்டு திருத்தணியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒருவர், பரிசுப் பொட்டலத்தோடு வரிசையில் நின்று மேடைக்கே வந்துவிட்டார். என்னையும் அதட்டலம்மாவையும் ஜோடியாகப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வந்தவரை விடுவோமா? பிரஷர் பார்த்தோம். எக்கச்சக்கமாக இருந்தது. செவ்வாய் என்பதால் மருந்து ஆரம்பிக்காமல், புதன்கிழமை அவருடைய ஊர் டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினோம். பரிசாக வந்த சுவர்க் கடிகாரம் இன்றும் மஞ்சப்பை டாக்டர் கிளினிக்கில் ஓடுகிறது.

அடுத்த வேலைதான் கஷ்டம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் எது செய்தாலும் அந்த டாக்டருக்குப் போனில் சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்கள் முகத்துக்கு நேரே எங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஊரில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. "மூணு பேரும் நல்லவங்கதான் சார்" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் அழவே ஆரம்பித்துவிட்டார்.

மஞ்சப்பை டாக்டர் யோசித்தார். மூன்று வெல்வெட் நாற்காலிகளையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். "நாங்க திரும்பி உக்காந்துகினு கீறோம். யாரு நாற்காலி பின்னால வேணாலும் போய் நில்லுங்க. யாரு போனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது." இத்தனை வருஷம் படித்த மூன்று டாக்டர்கள், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பாதிக்கு மேல் அதட்டலம்மாவின் நடு நாற்காலிப் பக்கம் போனது. "திட்னாத்தான் நோவு பயப்படுது" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மண்டபத்துக்காரர் எழுதிவைத்த பட்டியலில் கோவிந்தன் எனக்கு வந்தார். ரோஸ் மாத்திரை மட்டும் சாப்பிட்டு, தறியில் கம்பீரமாக நின்றார். எங்களுக்கும் போன் பேசிப் பேசிப் பழக்கம் வந்துவிட்டது. இருமலில் ஆரம்பித்து வீட்டுச் சாம்பார்வரை பேசினோம்.

எல்லாம் சரியாகத்தான் போனது, மஞ்சப்பை டாக்டர் ஒருவரைத் தவிர. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். மின்விசிறிக்கு அடியிலேயே வேர்த்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் பை கொட்டிக்கொண்டிருப்பார். அதட்டலம்மா ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"நீங்க யார்கிட்ட காட்றீங்க?"

"எனுக்கென்னம்மா, கல்லு மாதிரி கீறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அந்தப் பைமேலேதான் கண். எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தது. கேட்கத்தான் தைரியம் இல்லை. அந்த மனிதர் போய்விட்டால் எங்களில் யாரும் இன்னொருவர் வாசலை மிதிக்கப் போவதில்லை என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

ஒரு செவ்வாய், மதியம் தாண்டிவிட்டது. மேடையில் இருந்த மஞ்சப்பை டாக்டர் எழுந்து, வாசலில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "பைய கொட்டு" என்றார்.

கூட்டம் சிரித்தது.

"கொட்டுன்னு சொல்றேன் இல்ல? கையில கொழுக்கட்டை கீதே, சுகர் பாத்தியா?"

கூட்டம் இன்னும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது, கை நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிவதற்குள், அதட்டலம்மா அந்த எவர்சில்வர் டப்பாவோடு மேடையிலிருந்து குதித்துவிட்டார். கோபம் முற்றினால் அம்மாவுக்குத் தெலுங்குதான் வரும்.

"ஏமண்டி! நோரு தெரவண்டி!"

அந்தக் குரலுக்கு எந்த வாய்தான் திறக்காது? மஞ்சப்பை டாக்டர் பறிமுதல் செய்து வைத்திருந்த லட்டையே பொடித்து, அம்மா அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். நான் நிதானத்தை எல்லாம் விட்டுவிட்டு ஓடிப்போய் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு எனுக்கு லட்டு குடுத்தது? நான் சுகர் பேஷண்ட்" என்று அவர் கோபப்பட்ட பிறகுதான் எங்களுக்கு உயிரே வந்தது.

அப்போதுதான் கோவிந்தன் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"சார், பைய கொட்டுங்க."

"அது என் சொந்தப் பை."

"எங்களுதும் சொந்தப் பைதான் சார். கொட்டுங்க."

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார். சர்க்கரை மாத்திரைப் பட்டைகள் இரண்டு விழுந்தன. இரண்டும் ஒரே மருந்து. கம்பெனி மட்டும் வேறு. ஊராரின் பட்டையையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்த மனிதர், தன் பட்டையைப் படிக்கவே இல்லை.

"யாரு சார் எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, என்கூடப் படிச்சவரு, திருப்பதில கீறாரு. இன்னொண்ணு, சித்தூர்ல நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன், புதுசா கிளினிக் வெச்சிருக்கான்." தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேரும் ஆசையா எழுதிக் குடுத்தாங்க. ஒருத்தர்து துன்னாம வுட்டா மனசு கஷ்டப்படும் இல்ல?"

கோவிந்தன் மேடையேறி, எங்கள் இரண்டு நாற்காலிகளையும் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

நானும் அதட்டலம்மாவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். செருப்புச் சத்தம் மெதுவாக வந்து, அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. "உங்ககிட்ட வந்தா நோவு ஓடிப்போயிடும்மா. கூடவே நானும் ஓடிப்போயிடுவேன்" என்றது குரல். அதட்டலம்மா வாய்விட்டுச் சிரித்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. செருப்புச் சத்தம் என் பக்கம் வந்தது. தோளுக்கு மேலாக ஒரு மஞ்சப்பை என் மடியில் வந்து விழுந்தது.

இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் கலைந்த பிறகு, கடைசி ஆளாக வந்து என் எதிரில் உட்காருகிறார். "பைய கொட்டுங்க" என்கிறேன். கொட்டுகிறார். ஒரே ஒரு பட்டை விழுகிறது. நான் அதை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.

"ஒரு மாத்திரைய எத்தினி நேரம்யா பாப்ப?" என்று முறைக்கிறார்.

ஒரு நிமிஷ வேலைதான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான், நான் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.