நாக்கால் பார்த்த வீடு

மாரி மழை விட்டதும் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பும் பாசியும் கலந்த ஒரு மணம் எழும். அது எழுந்தால் போதும், சுவர்நக்கியார் நினைவில் வந்து என் முன்னால் நிற்பார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போர்த்துக்கீசர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். எல்லாரும் கோட்டையைத்தான் பிடித்தார்கள். சுவரைச் சுவைத்துப் பார்த்தவர் இந்த ஒருவர்தான். வீட்டுத் தரகர். பழைய வீட்டில் உப்பு ஏறியிருக்கிறதா என்று அறிய மற்றவர்கள் கட்டட வேலை தெரிந்த மேசனைக் கூட்டிவருவார்கள். இவர் கண்ணை மூடி, நாக்கை நீட்டி, மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. தீர்ப்பு முடிந்தது.

எங்களுக்கோ அவசரம். தன் மகளின் கல்யாணத்துக்கு முன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார் வாடகை வீட்டுக்காரர். லிங்கநகரில் புதுவீடு இருக்கிறதென்றால் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் துறைமுகம் தெரிகிற பழைய சன்னல் வேண்டும். சரித்திரத்துக்குள் குடியேறினால் சரித்திரம் ஒழுகும் என்பது அப்போது தெரியாது.

முதல் வீட்டில் நக்கினார். துப்பினார்.

"தம்பி, இது வீடில்லை, கருவாடு."

"விக்கிற ஆள் பக்கத்திலை நிக்கிறார், அண்ணை."

"நிக்கட்டும். அவருக்கும் தெரியத்தானே வேணும்."

இரண்டாவது வீட்டில், "இஞ்சை கட்டில் போட்டா ரெண்டு பேரும் ஊறுகாய்." இப்படியே ஆறு வீடுகள். உலகத்திலேயே வீடு விற்க விடாத ஒரே தரகரை நாங்கள் தேடிப் பிடித்திருந்தோம்.

பிறகு காய்ச்சலென்று இரண்டு கிழமை காணாமற்போனார். எழும்பி வந்ததும் ஏழாவது வீடு. அடுப்படிக் குசினிச் சுவரை நக்கினார். கூடத்தை நக்கினார். நம்பமுடியாமல் கிணற்றுக்கட்டையும் நக்கினார்.

"உப்பே இல்லை! கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ."

வாங்கினோம், கண்ணை மூடிக்கொண்டேதான்.

முதல் மாரியோடு சுவர் முழுக்க உப்புப் பூத்தது. மல்லிகை தோற்றுப்போகும் வெள்ளை.

"நீங்கள் போய்க் கேக்கிறியளோ, நான் போகவோ?" என்றாள் மனைவி.

வழிநெடுக வசவுகளை அடுக்கிக்கொண்டு சுவர்நக்கியார் வீட்டுக்குப் போனேன். மூதூரிலுள்ள மகளோடு இருக்கப் போவதற்காக அங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவருடைய மனைவி திறந்துவிட்டார்.

"நீங்களாவது கேளுங்கோ தம்பி! அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு இந்த மனிசன் கறியிலை உப்பில்லை எண்டு ஒவ்வொரு நாளும் சண்டை. அள்ளிக் கொட்டினாலும் இல்லையாம். எனக்குச் சமைக்கத் தெரியாதாம்!"

"இவவுக்குக் கை மாறிப்போச்சு, தம்பி," என்றபடி சுவர்நக்கியார் வெளியே வந்தார். மெலிந்திருந்தார். வாசல் படலைவரை என்னோடு நடந்தார். அங்கே நின்று, குரலைத் தாழ்த்தி, "சுவர் எப்பிடி? பூத்திட்டுதோ?" என்றார்.

அடுக்கி வைத்திருந்த வசவுகள் எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"இல்லை அண்ணை. காய்ஞ்சுபோய் நல்லாக் கிடக்கு."

முகம் மலர்ந்தது. "பாத்தியளோ! அடுத்த வீடு வாங்கேக்கையும் மூதூருக்கு ஒரு சொல் அனுப்புங்கோ."

"உங்கட நாக்கு வராமல் நான் வீடு வாங்குவனோ, அண்ணை?"