பொன்னம்மாளுக்கு வந்த சந்தேகம்

அமல்ராஜ் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் முழுப் பொய் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அவருக்குத் தோசை இறங்கவில்லை.

சென்னைப் புறநகரான நூம்பலில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் ஜம்புலிங்கம், மாதம் ஒரு பயனுள்ள சொற்பொழிவு என்று ஆரம்பித்திருந்தார். போன மாதம் சர்க்கரை நோய். இந்த மாதம், பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தும் அமல்ராஜ். தலைப்பு, ‘நாம் காணாத பரிமாணங்கள்’.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துதான் இருந்தது. நீளம், அகலம், உயரம் வரைக்கும் பொறுத்துக்கொண்டார்கள். இவற்றுக்கு மேலும் பரிமாணங்கள் இருக்கலாம், சுருண்டு கிடப்பதால் தெரியவில்லை என்று அவர் சொன்னபோது, ஆட்கள் ஒவ்வொருவராகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். கடைசியில் எஞ்சியது இரண்டு பேர். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஜம்புலிங்கம், பின்வரிசையில் பொன்னம்மாள்.

பொன்னம்மாள் நூம்பலின் பழைய குடும்பம். நிலம் கொடுத்ததற்குப் பதிலாக பில்டர் கொடுத்த தரைத்தள வீட்டில் மகன் கோபியோடு இருந்தாள். அமல்ராஜ் புரொஜெக்டர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தபோது அவள் கையைத் தூக்கினாள்.

“ஏன் சார், கண்ணுக்குத் தெரியாத எடம் கீதுன்றீங்களே, செத்துப்போனவங்கல்லாம் அங்கதான் கீறாங்களா?”

அவள் கணவர் போன ஆடியில்தான் இறந்திருந்தார். அமல்ராஜ் துக்கம் விசாரிக்கப் போய் வந்தவர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

“இல்லைன்னு நிரூபிக்க முடியாதும்மா” என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. அதுதான் அவரைத் தூங்க விடவில்லை.

மனைவி சரசாவிடம் சொன்னார். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் போய் இப்படி ஆசை காட்டலாமா என்று கேட்ட அவள், இன்றைக்கே போய்ச் சரிசெய்துவிட்டு வரும்படி சொன்னாள்.

சாயங்காலம் போனார். பொன்னம்மாள் கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சேமியா உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு சேமியாவை எடுத்துக் காட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் இது வெறும் கோடு, கிட்டே வந்தால்தான் இதற்கும் பருமன் இருப்பது தெரியும், அந்தப் பரிமாணங்கள் இதைவிட, அணுவைவிடச் சிறியவை, மனுஷர் யாரும் அதற்குள் இருக்க முடியாது என்று விளக்கினார்.

பொன்னம்மாள் சேமியாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசிக் காலத்தில் அவரும் இப்படித்தான் இளைத்துப் போயிருந்தார் என்றாள்.

மறுநாள் வேறு வழியில் முயன்றார். நம் உடம்போ வெளிச்சமோ அங்கே போகாது, ஈர்ப்பு விசை மட்டும் வேண்டுமானால் கசியலாம் என்று ஒரு கணக்கு இருப்பதாகச் சொன்னார். ஈர்ப்பு என்றால் கனம்தானே என்று கேட்ட பொன்னம்மாள், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு எழுந்து போய்ச் சூடாக மசால்வடை கொண்டுவந்தாள். சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

அடுத்து, பெரிய பெரிய எந்திரங்கள் வைத்துத் தேடியும் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை என்ற உண்மையைப் போட்டு உடைத்தார். அப்படியானால் தேடுகிறார்கள் என்று அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

அதற்கடுத்த நாள் பார்க்கிங்கில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பொன்னம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்திருந்தாள். ஜம்புலிங்கமும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அமல்ராஜுக்கு வேறு வழியில்லை. குமணன்சாவடி சந்திப்பில் இரண்டு பஸ்கள் குறுக்கே வருவதாக வைத்துக்கொள்ளச் சொன்னார். தரை மட்டும்தான் என்றால் ஒன்று நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மோதும். மேலே ஒரு பாலம் போட்டால் இரண்டுமே போகலாம். தரையை மட்டுமே அறிந்த ஓர் உயிருக்கு அந்த ‘மேலே’ எங்கே இருக்கிறதென்று விரல் நீட்டிக் காட்ட முடியுமா? முடியாது. நம் நிலைமையும் அதுதான்.

ஒரு போன்கூட வெளியே வரவில்லை. வகுப்பில் எத்தனையோ வருஷம் நடத்தியும் இப்படிக் கழுத்தை நீட்டிக் கேட்ட முகங்களை அவர் பார்த்ததில்லை. அன்று படியேறும்போது சீட்டியடித்தார். மறுநாளைக்குச் சட்டையை இஸ்திரி போட்டதை சரசா கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை, பார்க்கிங் பேச்சை யாரோ சொல்லக் கேட்டு, அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பதி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும். இறந்த அண்ணன் பைக் சாவியை எங்கே வைத்தார் என்று சார் அங்கே கேட்டுச் சொல்ல வேண்டுமாம். அமல்ராஜ் தடுப்பதற்குள் அந்த அம்மாள் அவர் காலில் விழுந்தாள்.

அவர்கள் போனபின் சரசா, “அடுத்து உண்டியல் வெச்சிடலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அமல்ராஜ் நின்றுகொண்டே பேசினார். உண்மையைச் சொல்லிவிட்டால் நாளை இந்த நாற்காலிகளில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

“அம்மா, அன்னிக்கு உங்க மனசு நோகக் கூடாதேன்னு சொல்லிட்டேன். அங்க யாரும் இல்ல. உங்க வீட்டுக்காரர் அங்க இல்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

பொன்னம்மாள் அவரையே பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். அமல்ராஜ் நாற்காலிகளை மடக்கி ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாத்தினார். ஆறியிருந்த புண்ணைத் தானே கீறிவிட்டதுபோல இருந்தது.

அப்போது கோபி திருவேற்காட்டில் ஷேர் வேன் ஓட்டிவிட்டு வந்தான். அமல்ராஜ் நடந்ததைச் சொல்லி, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். கோபி உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பை அடக்கிய களை இருந்தது.

“அது அழுவல சார்” என்றான் கோபி. “அப்பா போன அன்னிக்கே, போனவரு போனவருதான்னு எங்களைத் தேத்துனதே அதுதான். அன்னிக்கு ஹால்ல யாருமே கேக்காம நீங்க ஒத்தையா நின்னத பாத்து மனசு கேக்காம ஒரு கேள்வி கேட்டுச்சாம். இப்ப அந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லி முடிச்சிட்டீங்களாமே, நாளைக்கு வேற இன்னா கேட்டா வருவீங்கன்னு உள்ள உக்காந்து யோசிச்சினு கீது.”