பத்து அங்குலம் பதினாறு ஆன விவரம்

பசுமலை,
திங்கட்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி மதினி அன்னக்கொடி அவர்களுக்கு,

ஒச்சம்மாள் எழுதுவது. இங்கே நான், மகள் தமிழ்ச்செல்வி, உங்கள் மகன் ராஜபாண்டி, நம் பேத்தி வர்ஷினி நால்வரும் சுகம். எழுமலையில் தங்கள் முழங்காலும் சினை மாடும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். சுகம் என்று முதலில் எழுதுவது மரியாதை என்பதால் எழுதினேன். உண்மையில் மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன் ஸ்பீக்கரில்தான் பேசும், தெருவே கேட்கும். அதனால்தான் கடிதம். நீங்கள் எட்டாவது படித்தவர்கள். நான் ஐந்தாவதுதான், ஆனாலும் ஐந்தாவதில் முதல் மார்க். பிழை இருக்காது.

விஷயம் வர்ஷினியின் நாற்காலிதான். எட்டு வயதாகியும் பிள்ளைக்குக் கழுத்தும் இடுப்பும் நிற்காததால், கடையில் விற்கும் சக்கர நாற்காலி ஆகாது, உடம்பை அளந்து இவளுக்கென்றே செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். ஆரப்பாளையம் பக்கம் அப்படிச் செய்கிற இடத்துக்குப் போன வாரம் போனோம். பெரிய சக்கரமா சின்னச் சக்கரமா, தலைக்கு எந்தத் திண்டு, நெஞ்சுக்கு எந்தப் பெல்ட் என்று ஒரு கல்யாண ஜவுளி எடுக்கிற அளவுக்குக் கேள்வி. ஃபாயிஸா என்ற பெண் இடுப்பு, தொடை, முதுகு, கால் எல்லாம் அளந்து ஒரு தாளில் எழுதினாள். தங்கமான பெண். நான் வழக்கம்போலச் சொன்னேன்.

"ரெண்டு அங்குலம் கூட்டியே போடுத்தா. வளர்ற புள்ள."

"பாட்டிமா, இது பள்ளிக்கூட யூனிஃபார்ம் இல்ல. உள்ள மடிச்சுத் தைக்கவா முடியும்?" என்று சிரித்துவிட்டு, எழுதியதை மாற்றாமலே கொடுத்துவிட்டாள்.

நீங்களே சொல்லுங்கள் மதினி, நம் வீட்டில் எந்தப் பிள்ளைக்காவது அளவுக்குச் சரியாகத் தைத்திருக்கிறோமா? உங்கள் மகனும் என் மகளும் தொளதொள சட்டையில்தானே வளர்ந்தார்கள். பிள்ளையின் அப்பா கையெழுத்துப் போடுவதற்காக அந்தத் தாள் டிவி மேல் கிடந்தது. வர்ஷினியையும் என்னையும் தவிர எல்லாரும் வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பேனாவை எடுத்தேன். இடுப்பு அகலம் பத்து என்று இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் சுழியை இரண்டாக்கினால் அடித்தல் திருத்தல் தெரியும். அடித்துத் திருத்தக் கூடாது என்பது எங்கள் வாத்தியார் கண்டிப்பு. சுழிக்கு மேலே ஒரு கொம்பு வைத்தால் சுத்தமாகப் பதினாறு வருகிறது. வைத்துவிட்டேன். உங்கள் மகனும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஃபாயிஸா தமிழ்ச்செல்வியிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. இடம் தொளதொளவென்று இருந்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், முதுகெலும்பு வளைந்துவிடும், மூச்சு முட்டும், அதனால்தான் அரை அங்குலம்கூடப் பிசகக் கூடாது என்றாள். உடனே டேப்பைத் தேடி எடுத்தேன். ஹாலில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியை அளந்தேன், அதே பதினாறு. மகள் குளிக்கப் போன நேரம் பிள்ளையைத் தூக்கி அதில் உட்கார வைத்துப் பார்த்தேன். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் மதினி. அப்படியும் இடது பக்கம் சரிந்து, கழுத்து மடங்கி, கர் கர் என்று இழுத்தாள். வாரி எடுத்து மடியில் போட்ட பிறகுதான் எனக்கே மூச்சு வந்தது. அவளுக்கு நான் செய்த வேலை இதுதான்.

சரி, நேரில் போய் ஒப்புக்கொள்வோம் என்று சனிக்கிழமை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஃபாயிஸா இல்லை, ஏதோ முகாமாம். கால் கடுத்து அங்கே இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது தப்பாகப் போயிற்று. ஒரு தம்பி டேப்போடு வந்தான்.

"நேரா உக்காருங்க பெரியம்மா. எம்புட்டு நாளா நடக்க முடியல?"

"நான் நடந்துதாம்ப்பா வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. கூச்சப்படாதீக," என்றவன் என் இடுப்பை அளந்து, உள்ளே பார்த்துச் சத்தமாக, "பதினாறு!" என்றான். எட்டு வயதுப் பிள்ளைக்கு நான் கொடுத்தது என் அகலத்தை! அதற்குமேல் அங்கே உட்கார முடியுமா? பேர் கேட்பதற்குள் எழுந்து ஓடிவந்துவிட்டேன். நடக்க முடியாதவள் ஓடுவதை அவன் வாசல்வரை வந்து பார்த்தான்.

வியாழக்கிழமை நாற்காலிக்குக் கம்பி வெட்டுகிறார்களாம். அதற்குள் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. மருமகன் என்னைத் திட்டமாட்டார், அதுதான் பயம். பேசாமல் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். ஆகையால் ஒரு உதவி. நீங்கள் போன வாரம் இங்கே வந்திருந்தீர்கள். தாளைத் திருத்தியது நீங்கள் என்று புதன்கிழமை வந்து சொல்லிவிட முடியுமா? பெற்ற தாயை அவர் என்ன சொல்லிவிடுவார்? இந்த வீட்டில் அம்மாச்சி தப்பே செய்யாது என்று ஒரு பேர் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைச் சொன்னேன்.

தங்கள் வீட்டில் பால் பொங்கி, முழங்கால் மடங்கி, எல்லா நன்மையும் பெருக மீனாட்சி அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
ஒச்சம்மாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஃபாயிஸாவே வீட்டுக்கு வந்துவிட்டாள். பதினாறைப் பார்த்ததும் அங்கே எல்லாரும் சிரித்தார்களாம். எப்படியும் வெட்டுவதற்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்து மறுபடி அளப்பார்களாம். "யாரு திருத்துனது?" என்று தமிழ்ச்செல்வி கேட்க, அவசரத்தில் உங்கள் பேர் என் வாயில் வந்துவிட்டது. அதற்கு ஃபாயிஸா, "எழுமலைப் பாட்டியா? அவங்கதான் ரெண்டு தடவ போன் பண்ணி, ரெண்டு அங்குலம் கூட்டிப் போடச் சொன்னாங்களே! திருத்தவும் செஞ்சாங்களா?" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மதினி? இருவரும் பேசி வைத்திருந்தால் நான் பேனாவையே தொட்டிருக்க மாட்டேன். அந்த நேரம் பார்த்து வர்ஷினி என்னையே பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். பேச்சு வராவிட்டால் என்ன, அவள் கண் காட்டிக்கொடுத்துவிட்டது. வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. மருமகன் தட்டில் கை கழுவவில்லை. சிரித்துச் சிரித்துப் புரையேறி, இன்னொரு கரண்டி சோறு கேட்டார். ஆகையால் நீங்கள் பழி ஏற்க வர வேண்டாம். ஆனால் வியாழக்கிழமை அவசியம் வாருங்கள். பிள்ளையை அளந்து முடிக்கும்வரை இரண்டு பாட்டிகளும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று மகள் உத்தரவு. சீக்கிரம் வந்தால் கதவு இடுக்கில் உள்ளே தெரிகிற பக்கமாக உங்களுக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.