அன்பளிப்புப் பதிவேட்டில் ஒரு நைட்டி

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. பட்டியலில் எழுதாத எதுவும் நமக்கு நடக்காது என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு அந்தத் தைரியம் இன்றைக்கும் போகவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் இடுப்பளவு நனைந்தது.

ஆலைகளுக்கு நேரில் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. நிலைத்தன்மைத் தணிக்கை என்று பெயர். (வீட்டில் ‘மில்லு செக்கிங்’.) ஓராண்டு மேலாளர் பின்னாலேயே சுற்றிய பிறகு, பூதலூர்ப் பக்கம் ஒரு புழுங்கலரிசி ஆலைக்கு முதல்முறையாகத் தனியாக அனுப்பினார்கள்.

“இந்த ரிப்போர்ட்ல ஒரு கேள்வி வந்தாலும், இன்னும் ஒரு வருஷம் என் பின்னாடிதான்” என்றார் மேலாளர்.

மூன்று நாள் தயாரானேன். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள், நான்கு நிறங்களில், கிளிப் அட்டையில் செருகி. ஹெல்மெட், முகக்கவசம், டார்ச், மாற்று பேட்டரி, மாற்றுப் பேனா. மாற்று உடை இல்லை. (பேனா நின்றுபோகும், சுடிதார் எங்கே நின்றுபோகப் போகிறது?) தாளின் தலையில் சிவப்பு மையில் ஒரு விதி: ஆலைக்காரர்களிடம் எதையும் வாங்கக் கூடாது; மீறி வாங்கினால் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

முதலாளி சாகுல் பாய் வாசலிலேயே காத்திருந்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று என் அறிக்கைக்காக நின்றிருந்தது.

“வாங்க மேடம், முதல்ல காப்பி.”

“வேணாம் சார். விதி.”

“மோராச்சும்?”

“மோரும் விதிதான்.”

அவர் மனைவி பரீதா அக்கா ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “தண்ணி குடிப்பாங்களா, அதுக்கும் விதி இருக்கா?”

என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அந்த வயதில் அவ்வளவு மிடுக்கு ஒரு ஆளுக்கு ஆகாது.

பதினோரு மணிவரை அருமையாக நடந்தது. பின்கட்டில், நெல் ஊறவைத்த தண்ணீரை வடியவிடும் குழி. கேள்வி எழுபத்து நான்கு: கழிவுநீர்க் குழியைச் சுற்றி வேலி உண்டா? இல்லை. ‘பெரிய குறை’ என்று எழுதினேன். பாயின் முகம் சுண்டியது. பெரிய குறை இருந்தால், சரிசெய்யும்வரை சான்றிதழ் கிடையாது.

குழி முழுவதும் படத்தில் வரட்டும் என்று செல்போனைத் தூக்கியபடி ஓரடி பின்னால் வைத்தேன். அங்கே இரண்டாவது குழி இருந்தது. மேலே உமி படர்ந்து, பெருக்கிவிட்ட களம் மாதிரி கிடந்தது.

“மேடம், பின்னால!” என்று பாய் கத்தி முடிப்பதற்குள் நான் உள்ளே.

நாலு நாள் புளித்த நீராகாரத்தில் ஈரச் சாக்கை ஊறப்போட்டால் வருமே, அந்த வாசனை. செல்போன் அடியில் போய்விட்டது. ஹெல்மெட் மட்டும் நேராக இருந்தது. மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் துண்டை முறுக்கி நீட்டினார்.

“ரெண்டு கையாலயும் புடிங்கம்மா! அந்த அட்டையத் தூக்கிப் போடுங்க!”

“முடியாதுண்ணே. அதுலதான் கேள்வியெல்லாம் இருக்கு.”

(பட்டியல் நனையவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.)

கரையேறியதும் ‘மேடம்’ பட்டம் போய்விட்டது. “வா புள்ள, முதல்ல குளி. விதியெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்” என்று பரீதா அக்கா கையைப் பிடித்து ஆலைக்குப் பக்கத்திலிருந்த வீட்டுக்கு இழுத்துப் போனார். குளித்து முடித்தபோது கதவில் ஊதாப் பூப்போட்ட நைட்டி ஒன்று தொங்கியது. அதற்குள் என்னைப் போல் இன்னொருத்தி தாராளமாக நிற்கலாம். பிறகு காப்பி குடித்தேன். இரண்டு. மீன்குழம்புச் சோறும் சாப்பிட்டேன். சிவப்பு விதியின் கதை அதோடு முடிந்தது.

மூன்று மணிக்கு நிறைவுக் கூட்டம். நைட்டி, அதன் மேல் அலசிக் காயவைத்த என் துப்பட்டா, கையில் அட்டை. பாய் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் குழிய சின்னக் குறைன்னு போட்டுடுங்களேன். நீங்க விழுந்ததும் வெளிய தெரிய வேணாம். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது. விழுந்ததை எழுதினால் மேலாளர் கேள்வி கேட்காமல் விடமாட்டார். ஆனால் குறையைக் குறைத்தால் நான் போட்டிருக்கும் நைட்டிக்குப் பெயர் லஞ்சம்.

“பாய், காலையில காப்பியே வேணாம்னவ நான். இப்ப ஒரு நைட்டிக்கு மாத்தி எழுதினா நல்லாவா இருக்கும்? நான் அட்டையோட விழுந்தேன். நாளைக்கு அந்த அண்ணன் மூட்டையோட விழுந்தா?”

“நல்லா எழுது புள்ள!” என்றார் பரீதா அக்கா. “ரெண்டு வருஷமா வேலி போடுங்க, வேலி போடுங்கன்னு நான் கத்துறேன். யாராச்சும் விழுந்தாத்தான் காதுல விழும்போல.”

பாய் மனைவியைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

பெரிய குறை, ஒன்று. தணிக்கையின்போது விபத்து, ஒன்று, விழுந்தவர், தணிக்கையாளர். அன்பளிப்புப் பதிவேட்டில்: காப்பி இரண்டு, சாப்பாடு ஒன்று, நைட்டி ஒன்று (பூப்போட்டது, திருப்பித் தரப்படும்).

மேலாளர் மூன்று முறை படித்தார். ஒரே ஒரு கேள்வி வந்தது.

“நைட்டியத் திருப்பிக் குடுத்தாச்சா?”

“தோச்சு, இஸ்திரி போட்டுக் குடுத்துட்டேன் சார்.”

அடுத்த ஆலைக்கும் தனியாகவே அனுப்பினார். பாயின் வேலி பத்தே நாளில் எழுந்தது. சான்றிதழும் பின்னாலேயே போனது.

இப்போது என் பட்டியலில் நூற்றுப் பதின்மூன்று இருக்கிறது. கடைசியை நான் சரிபார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே சொல்கிறாள்:

“நம்ம வீட்டு நைட்டி உள்ள இருக்கு. அடுத்தவங்க நைட்டியப் போட்டுக்கிட்டு நியாயம் பேசாத.”